கட்டடத்தைக் கேட்கும் வாரியம் பிள்ளையைக் கேட்குமா?

பள்ளி மேலாளர் வாரியம் என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது என்ன? நிலப் பட்டா, புது மண்டபம், ஒழுகும் கூரை, நன்கொடை விருந்து, பெரிய அட்டையில் எழுதிய மாதிரிக் காசோலை. சும்மா சொல்லக்கூடாது, இவை எல்லாம் தேவையான வேலைகள்தான். வாரியங்கள் இல்லையென்றால் பல தமிழ்ப்பள்ளிகள் இன்று நின்ற இடத்தில் நின்றிருக்காது. ஆனால், ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளை அந்தப் பள்ளிக்கு வரும்போது வாரியத்தின் பங்கு என்ன? இந்தக் கேள்விக்கு நம் சட்டத்திலும் தெளிவான பதில் இல்லை, நம் பழக்கத்திலும் இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் இக்கட்டுரை ஆராய்கிறது. பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆனாலும் கோல சிலாங்கூரிலிருந்து சபாக் பெர்ணம் வரைக்கும், ஏன், நாட்டின் மற்றத் தோட்டப்புறங்களுக்கும் இது பொருந்தும்.

வாரியம் பிறந்த இடம்

2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறினாலும், நம்ம ஆளுங்க வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். 1917-இல் ஹென்றி ஃபொக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை இங்கேயுள்ள தென்னமரத்தில்தான் தொடங்கினார். ரப்பரும் செம்பனையும் வளர்ந்த இடத்தில் லயங்கள் எழுந்தன, லயங்கள் இருந்த இடத்தில் பள்ளிகளும் வந்தன. 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று சொன்னது. ஆக, தோட்டப் பள்ளியின் முதல் நிர்வாகி தோட்டத் துரைதான். கொட்டகை போட்டவர் அவர், வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தவர் அவர், பிள்ளை எந்த வயதில் காட்டு வேலைக்கு வரலாம் என்று பார்த்தவரும் அவரே.

இந்த வரலாற்றை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது? நம் வாரியங்கள் இன்னமும் அந்த அச்சிலேயே சிந்திக்கின்றன. பள்ளி என்றால் சொத்து, வாரியம் என்றால் சொத்தைக் காக்கும் ஆள் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. துரை போனார், தோட்டம் துண்டாடப்பட்டது, தொழிலாளர் பட்டணத்துக்குப் போனார்கள். பள்ளியை மூடவிடாமல் காப்பாற்றும் பாரம் சமூகத்தின் தலையில் விழுந்தது. அந்தப் போராட்டத்தில் 'எத்தனை பிள்ளை இருக்கு?' என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. 'எந்தப் பிள்ளைக்கு என்ன தேவை?' என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

சட்டம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

1996 கல்விச் சட்டம் கல்விக் கூடங்களுக்கு நிர்வாக ஆவணமும் அதன்படி அமையும் மேலாளர் வாரியமும் வேண்டும் என்கிறது. மலாயில் இதை லெம்பாகா பெங்கெலோலா செக்கோலா என்று சொல்கிறோம். பள்ளியை நிர்வகிப்பது மேலாளர்களின் கடமை. அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு, சிறப்புப் பள்ளிகளிலோ, அமைச்சர் பொருத்தமாகக் கருதும் தொடக்க, இடைநிலைப் பள்ளிகளிலோ சிறப்புக் கல்வி வழங்கப்பட வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. சிறப்புக் கல்வி அமைச்சரின் பொறுப்பு, பள்ளி வாரியத்தின் பொறுப்பு. சிறப்புக் கல்வி பெறும் பிள்ளை அந்தப் பள்ளிக்குள் உட்கார்ந்திருக்கும்போது யார் பொறுப்பு? சட்டம் அங்கே வாய் திறக்கவில்லை.

1997-இல் வந்த சிறப்புக் கல்வி விதிமுறைகளில் 'கற்பிக்கத்தக்க பிள்ளை' என்ற கருத்து இருந்தது. மற்றவர் உதவியை நம்பாமல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளக்கூடிய பிள்ளைதான் கற்பிக்கத்தக்க பிள்ளை. மருத்துவர், கல்வி அமைச்சு அதிகாரி, சமூக நல இலாகா அதிகாரி ஆகியோர் அடங்கிய குழு அதை உறுதிப்படுத்த வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன்னைப் பார்த்துக்கொள்ளக் கற்றுத்தர வேண்டிய இடம் பள்ளி. அதைக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம் என்று அந்த விதி சொன்னது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கழிப்பறைப் பழக்கமே தாமதமாகத்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டில் இந்த விதி ஒரு தாயின் மேல் எவ்வளவு சுமையை ஏற்றியிருக்கும்!

2013-இல் புதிய விதிமுறைகள் வந்தன. இவை அரசாங்கப் பள்ளிகளுக்கும் அரசாங்க உதவிபெறும் பள்ளிகளுக்கும் பொருந்தும். பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு மிகாத சோதனைக் காலம் தரப்படும். அந்தக் காலத்தில் எந்தத் திட்டம் பொருந்தும் என்று பார்ப்பார்கள். முந்தைய விதியைவிட இது நல்ல மாற்றம்தான். ஆனால் இதையும் விமர்சனம் இல்லாமல் ஏற்க முடியாது. புது இடம், புது மணியோசை, புது முகங்கள் ஆகியவற்றுக்குப் பழகவே ஆட்டிசப் பிள்ளைக்கு மற்றவர்களைவிட அதிக நாள் ஆகும். முதல் மூன்று மாதம்தான் அந்தப் பிள்ளையின் மிகக் கடினமான காலம். அப்போது எடுக்கும் முடிவில் பிள்ளையின் திறமையைவிடப் பதற்றமே அதிகம் தெரியும். அந்த மூன்று மாதத்தில் பள்ளி என்ன ஏற்பாடு செய்தது என்று கேட்க ஒருவர் வேண்டும். அப்படிக் கேட்கும் கடமையை விதிமுறை மேலாளர் வாரியத்திடம் கொடுக்கவில்லை.

2008 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, உடற்குறையையோ மனக்குறையையோ காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து யாரையும் விலக்கக் கூடாது என்கிறது. 2010-இல் மலேசியா மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் ஏற்றது. 2013 முதல் 2025 வரையிலான கல்விப் பெருந்திட்டம், சிறப்புத் தேவையுடைய மாணவர்களில் 75 விழுக்காட்டினரை உள்ளடக்கிய கல்வித் திட்டத்தில் சேர்க்க இலக்கு வைத்தது. 2019-இல் 'யாரையும் நிராகரிக்காக் கொள்கை' நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் கதவு திறந்துவிட்டது. கதவைத் தாண்டி உள்ளே வந்த பிள்ளை பாடம் படிக்கிறதா, இல்லை பின் வரிசையில் சும்மா உட்கார வைக்கப்பட்டிருக்கிறதா? எந்தக் கொள்கையும் தானாகவே இதைப் போய்ப் பார்க்காது.

பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1998 விதிமுறைகளின் கீழ் அமையும் அச்சங்கத்துக்குப் பள்ளி நிர்வாகம் வேலையல்ல. உதவலாம், ஆதரவு தரலாம், அவ்வளவுதான். நிர்வாகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் சட்டபூர்வமான இடம் வாரியத்துக்குத்தான் உண்டு. அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கூரையைப் பற்றி மட்டும் கேட்டால், பிள்ளையைப் பற்றிக் கேட்க வேறு நாற்காலி இல்லை.

ஈலிங் சொல்லும் பாடம்

ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியும், அதைப் பொறுப்பேற்று நடத்தும் குழுவும் எப்படித் தோன்றின என்று பார்ப்பது இங்கே உதவும். இங்கிலாந்தில் 1962-இல் சில பெற்றோர் ஒன்றுசேர்ந்து ஆட்டிசப் பிள்ளைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுதான் பிறகு தேசிய ஆட்டிசச் சங்கம் ஆனது. மனநல மருத்துவரும் ஆட்டிசப் பிள்ளையின் தாயுமான லோர்னா விங் தொடக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர். தன் வீட்டின் நிலவறையிலேயே இப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவந்த ஆசிரியை சிபில் எல்கர். 1965-இல் லண்டன் ஈலிங்கில் சங்கத்தின் பள்ளி திறக்கப்பட்டபோது அதன் முதுகெலும்பாக இருந்தவர் அவர்தான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் சட்டமே சில பிள்ளைகளைக் 'கற்பிக்க முடியாதவர்' என்று ஒதுக்கி வைத்திருந்தது. 1970-இல்தான் தனிச்சட்டம் போட்டு அந்தப் பிரிவை நீக்கினார்கள். சட்டம் மாறுவதற்கு ஐந்து ஆண்டுக்கு முன்பே பெற்றோர் பள்ளியைத் திறந்துவிட்டார்கள். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அங்கே 1970-இல் கைவிட்ட கருத்தை நாம் 1997-இல் விதியாக எழுதினோம். வேறு நாடு உயர்வு, நம் நாடு தாழ்வு என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு கருத்து காலாவதி ஆன பிறகும் வேறொரு நாட்டின் சட்டத்தில் எப்படி உயிர் வாழும் என்பதற்கு இது சாட்சி.

ஈலிங் பள்ளியின் பொறுப்பாளர்கள் செய்த மிகப் பெரிய காரியம் கட்டடம் வாங்கியது அல்ல. பிள்ளைகள் வளர்ந்தபோது 'பள்ளி முடிந்த பிறகு என்ன?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1974-இல் வயது வந்தவர்களுக்கான சாமர்செட் கோர்ட் குடியிருப்பு பிறந்தது. பிள்ளையின் முழு ஆயுளையும் பார்த்த நிர்வாகம் அது. இன்று இங்கிலாந்தின் 2015 நடைமுறை விதித்தொகுப்பு, சிறப்புத் தேவை விஷயத்தைத் தனிக் கவனத்துடன் மேற்பார்வையிட நிர்வாகக் குழுவில் ஓர் உறுப்பினரோ துணைக்குழுவோ இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பெயர், ஒரு பொறுப்பு. 'எல்லாரும் பார்த்துக்குவாங்க' என்பது அங்கே பதில் ஆகாது.

இந்தியாவையும் பார்ப்போம். அங்கே 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் விகிதப்படி இடம் உண்டு. 2012 திருத்தம் மாற்றுத்திறன் பிள்ளைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. நடைமுறையில் குழுக்கள் எப்படி இயங்குகின்றன என்பது வேறு விவாதம். ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் குழுவில் ஒரு நாற்காலி உண்டு என்று சட்டமே சொல்வது சின்ன விஷயம் இல்லை.

நம் வாரியத்தில் யார் யார் இருக்கிறார்கள்? அறங்காவலர், நன்கொடையாளர், முன்னாள் மாணவர், பெற்றோர், அரசாங்க நியமனம் பெற்றவர். பெற்றோருக்கு இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் மேடையில் பேசப் பழகியவர், நேரம் உள்ளவர். ஆட்டிசப் பிள்ளையின் தாய்க்கு அந்த நேரம் எங்கே? காலையில் பிள்ளையை விட்டு, மத்தியானம் கூட்டிவந்து, கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ராத்திரி தூங்காத பிள்ளையோடு விழித்திருப்பவர் அவர். ராத்திரி எட்டு மணிக் கூட்டத்துக்கு அவர் வர முடியாது. வராததால் அவருக்கு அக்கறை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். அவரைப் புரிந்துகொள்வதில் வாரியங்கள் செய்யும் தவறுகளில் இதுதான் பெரியது.

எண்ணும் பிள்ளையும்

இன்னொரு பக்கம் உண்டு. பல ஆண்டுகளாக நம் வாரியங்கள் படிப்பைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு. எத்தனை பேர் எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தார்கள் என்பதற்கு மேடை, மாலை, பரிசு. அந்தக் கணக்கில் வராத பிள்ளைகள் பள்ளியிலேயே இல்லாத மாதிரிதான். 2021-இல் அந்தத் தேர்வு ஒழிக்கப்பட்டது. கையில் இருந்த ஒரே எண் போய்விட்டதால் சில வாரியங்களுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. இதை இழப்பாகப் பார்க்கத் தேவையில்லை. இப்போதாவது வேறு கேள்வி கேட்கலாம்.

தோட்டப்புறப் பள்ளிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பல பள்ளிகள் 150 மாணவருக்கும் குறைவானவை. பள்ளிக்குள்ளேயே சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்பு தொடங்கப் போதிய பிள்ளைகளும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், இடமும் வேண்டும். இவை இல்லாதபோது ஆட்டிசப் பிள்ளை பக்கத்துத் தேசியப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறது. அங்கே பாடம் மலாயில் நடக்கும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த, பேச்சே தாமதமாக வந்த பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை. 'அப்படின்னா வீட்டிலேயும் தமிழ் பேசாதீங்க' என்று பெற்றோருக்கு யோசனை சொல்பவர்களும் உண்டு. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளையின் வளர்ச்சி கெடும் என்பதற்கு ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை. ஆனால் பாட்டியோடும் தம்பியோடும் பேசும் மொழியைப் பறித்தால் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் கொஞ்ச உறவும் அறுந்துபோகும். தமிழ்ப்பள்ளியைக் காப்பாற்றுவோம் என்று சொல்லும் வாரியம், தமிழ்ப்பள்ளியில் இடம் கிடைக்காத தமிழ்ப் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டாமா? ஒரே வட்டாரத்தில் நாலைந்து சிறிய பள்ளிகள் இருந்தால், அவற்றின் வாரியங்கள் சேர்ந்து ஒரு பள்ளியில் வகுப்பு வேண்டும் என்று மாவட்டக் கல்வி இலாகாவிடம் கேட்கலாம். தனித்தனியாக நின்றால் எந்தப் பள்ளிக்கும் எண்ணிக்கை வராது, கூட்டினால் வரும்.

வாரியம் கேட்க வேண்டியவை

வாரியம் பள்ளியை அன்றாடம் நடத்தக் கூடாது. அது தலைமையாசிரியர் வேலை. வாரியத்தின் வேலை கேட்பது, பதில் வரும்வரை விடாமல் கேட்பது. ஆண்டுக்கு மூன்று கூட்டம் நடந்தாலும் போதும், ஒவ்வொன்றிலும் இவற்றைக் கேட்கலாம்.

முதலாவது, இந்த ஆண்டு சேர்க்கைக்கு வந்த சிறப்புத் தேவைப் பிள்ளைகள் எத்தனை, எத்தனை பேர் நம் பள்ளியில் இருக்கிறார்கள், மற்றவர்கள் எங்கே போனார்கள்? 'யாரும் வரலீங்க' என்ற பதிலையும் ஆராய வேண்டும். வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்பட்டிருக்கிறதா, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி எழுதினார்களா, இல்லை கையொப்பம் மட்டும் வாங்கினார்களா?

மூன்றாவது, மாதம் 150 ரிங்கிட் சிறப்புத் தேவை மாணவர் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளி அட்டையும் தகுதியுள்ள குடும்பங்களுக்குக் கிடைத்தனவா? சமூக நல இலாகாவின் பதிவில் ஆட்டிசம் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். பாரம் நிரப்பத் தெரியாமலே விட்டுவிடும் குடும்பங்கள் தோட்டப்புறத்தில் நிறைய. முன்னாள் மாணவர் ஒருவர் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து உதவினால் முடிந்துவிடும் வேலை இது.

நான்காவது, பள்ளியில் பிள்ளை அமைதியாக உட்கார ஓர் இடம் இருக்கிறதா? சபை கூடும்போது ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறதா? இதுவும் கட்டட விஷயம்தான். வாரியத்துக்குப் பழக்கமான விஷயமும்கூட. குளிர்சாதன மண்டபத்துக்குத் திரட்டும் பணத்தில் ஒரு சின்னப் பங்கு போதும்.

ஐந்தாவது, ஆறாம் ஆண்டு முடிந்து பிள்ளை எங்கே போகும்? ஈலிங்கில் கேட்ட அதே கேள்வி. இடைநிலைப் பள்ளியில் வகுப்பு இருக்கிறதா, போக்குவரத்துக்கு வழி என்ன என்று ஐந்தாம் ஆண்டிலேயே பேச்சைத் தொடங்கினால்தான் பதில் கிடைக்கும்.

எல்லை தாண்டக் கூடாத இடம்

கேள்வி கேட்கும் உரிமைக்கு ஓர் எல்லையும் உண்டு. பிள்ளையின் மருத்துவக் கோப்பை வாரிய உறுப்பினர் படிக்கத் தேவையில்லை. கூட்டத்தில் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசவும் கூடாது. சின்ன ஊரில், 'அந்த மாதிரி பிள்ளை ஒண்ணு இருக்கில்ல' என்றாலே யார் என்று தெரிந்துவிடும். தீபாவளிக்கு அன்பளிப்புப் பை கொடுத்து, பிள்ளையை நடுவில் நிறுத்திப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். அந்தப் படம் வாரியத்துக்குத்தான் விளம்பரம், பிள்ளைக்கு அல்ல. தருமம் செய்கிறோம் என்ற மனநிலை வரும்போது உரிமை என்ற பேச்சு காணாமல் போய்விடும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வாரியம் கேள்வி கேட்டால் நம்மைக் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. உண்மையில் பயிற்சி இல்லாமல், உதவியாளர் இல்லாமல், முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆட்டிசப் பிள்ளையையும் கவனிக்கச் சொல்லப்படும் ஆசிரியருக்கு இந்தக் கேள்விகள்தான் துணை. மாணவர் நிர்வாக உதவியாளர் வேண்டும் என்று ஆசிரியர் தனியாக எழுதும் கடிதத்தைவிட வாரியத்தின் தீர்மானம் இலாகாவில் கனமாக நிற்கும்.

ஒரு சொல்லைப் பற்றி

தேர்வு எழுதும் மாணவர்கள் கட்டுரையில் எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்று கேட்பதுண்டு. 'மதியிறுக்கம்' என்ற சொல் பரவலாக இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் உண்டு. இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. மதி இறுகிப்போனது என்றால் திறக்காது என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது. சிந்தனையற்றவர் என்பது உண்மையே அல்ல. நாம் கவனிக்காத ஓசையையும் ஒளியையும் கவனிக்கும் பிள்ளையைப் புற உலகச் சிந்தனை அற்றவர் என்று எப்படிச் சொல்வது? நல்ல தமிழ்ச்சொல் உருவாகும்வரை 'ஆட்டிசம்' என்று எழுதுவதில் தவறில்லை. 'பாதிக்கப்பட்ட' என்பதைவிட 'ஆட்டிசம் உள்ள பிள்ளை' என்பது மேல். சொல்லில் தீர்ப்பு ஒளிந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பது தமிழ் படிப்பவர்களின் வேலை.

சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. சிறப்புத் தேவைப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வாரியத்தில் இடமும், அப்பிள்ளைகளைப் பற்றிய ஆண்டறிக்கையும் கட்டாயமாக வேண்டும். ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரியைச் சேர்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். 'சிறப்புத் தேவையுடைய மாணவர்கள்: நிலைமை' என்று எழுதி, அதைக் கட்டட நிதிக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் நேரம் போதாது.